நிலத்தில் யார் இருப்பது?

"எழும்படா! எழும்பு எண்டுறன்!"

நிரோஷனின் தாய் மண்டபத்தின் பின்வாசலிலிருந்து ஓடி வந்தார். கையிலிருந்த குடை வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது. மெழுகு பூசிய மரத்தரையில் சப்பாணி கட்டி இருந்த மகனைத் தோளில் பிடித்து ஒரே இழுவையாக இழுத்து நிறுத்தினார். பையன் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் விழித்தான்.

"அன்ரி, இது நாடகம்தானே?" என்றது பக்கத்தில் நின்ற பிள்ளை.

"நாடகமெண்டால்? மாஸ்டர், வேறை ஆரையும் இருத்துங்கோ. என்ரை பிள்ளை நிலத்திலை இராது."

மாஸ்டர் கையிலிருந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டு தலையாட்டினார். நாடகம் எழுதியவர், பழக்கியவர், எல்லாம் அவர்தான். தாய் சொன்னதில் அவருக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி. லண்டனில், ஹரோவில், ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றை சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துத் தமிழ் வகுப்பு நடத்தினோம். வெளியே மழை. உள்ளே ஈரக் கோட்டுகளின் மணமும், யாரோ கொண்டுவந்த உழுந்து வடையின் மணமும் கலந்து கிடந்தன. நான் சிறுவர் வகுப்பு ஆசிரியை. கவுன்சில் அலுவலகத்தில் கிழமை முழுவதும் மற்றவர்களின் முறைப்பாடுகளைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை தமிழ் சொல்லிக் கொடுக்கப் போவேன்.

அந்தத் தரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திங்கள் முதல் வெள்ளிவரை, காலைக் கூட்டத்தில், அந்த ஆங்கிலப் பள்ளியிலேயே படித்த நிரோஷன் அதே தரையில்தான் சப்பாணி கட்டி இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பிள்ளை, கறுப்புப் பிள்ளை, குஜராத்திப் பிள்ளை. ஐந்து நாளும் தாய்க்கு அது தெரியும். ஐந்து நாளும் குறையில்லை. சனிக்கிழமை, தமிழில், அந்தத் தரை தீட்டாகிவிட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில், என் முதல் குளிர்காலக் கோட்டை வாங்கிய கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தேன். இந்த வாரம் என்னிடம் சிரிப்பு இல்லை. எத்தனையோ வருடம் போயும் இந்தக் கதையை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

பெயர் சொல்லாத பெரியவர்

நாடகம் ஒரு பெரியவரைப் பற்றியது. பெயரை எழுத மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகளில் பாதிப்பேர் சட்டத்தரணிகள். ஊர்ப் பெரியவர்களில் பெரியவர், கொழும்பில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளியவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைப்பாகையோடு படமெடுத்துக்கொண்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பழைய வீடுகள் பலவற்றில் அந்தப் படம் தொங்கும். ஹரோவில் தலைவர் வீட்டு வரவேற்பறையிலும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே, தொங்கியது.

தலைவர் என்றால் எங்கள் பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவர். பொறியியலாளர். கெட்டவரென்று சொல்ல மாட்டேன். புதிதாக வந்த அகதிப் பையன்களின் விசாவுக்காக ஹோம் ஆபீசுக்கு அலைந்தவர்தான். ஆனால் பெரியவர் பேச்சு வந்தால் மனிதருக்குக் கண் கலங்கிவிடும். தாய்வழியில் ஏதோ சொந்தமாம்.

அந்த வருட விழாவுக்குப் பெரியவரின் வாழ்க்கையையே நாடகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. பெரியவராக நடிப்பது தலைவரின் மகன் கஜன். உச்சக் கட்டம் இதுதான்: ஊர்ப் பள்ளிக்கூடம். பெரிய சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை ஒன்று நிலத்தில் இருக்கிறது. பெரியவர் வருகிறார், பதறுகிறார், பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கி வாங்கில் இருத்துகிறார். "இன்றுமுதல் எல்லோரும் சமம்!" திரை.

வாங்கு என்றால் பெஞ்ச். எங்கள் பக்கத்துச் சொல். அந்த வாங்குக்குப் பின்னால் எவ்வளவு அழுகை இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் தந்தை அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்.

வாங்கு வந்த கதை

என் தந்தை சின்னவராக இருந்த காலத்தில், பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும், சமமாக உண்ண வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சம ஆசனம், சம போசனம் என்பார்கள். எங்கள் ஊரே கொந்தளித்தது.

பெரியவர் காரில் வந்து இறங்கினாராம். பிள்ளையின் கையைப் பிடிக்க அல்ல. கோயில் வீதியில் கூட்டம் கூட்டி, "பிள்ளைகளை மறித்து வையுங்கள், பள்ளிக்கூடம் தானாக வழிக்கு வரும்" என்று புத்தி சொல்ல. என் பாட்டனார் அந்தக் கூட்டத்தில் முன்வரிசை. வீட்டுக்கு வந்து என் தந்தையின் சிலேட்டைப் பிடுங்கி அடுக்களைப் பரணில் போட்டார். தந்தை மாதக்கணக்காக ஆடு பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். இதையெல்லாம் பின்னாளில் அவர் வெட்கத்தோடுதான் சொல்லுவார்.

ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை வாங்கில் இருத்தியவர் வேறொருவர். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பெற்றோர் மறித்த பிறகும் வந்த பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தினார். ஒரு நாள் விடிந்தபோது பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை இல்லை. எரித்துவிட்டார்கள். கரி மணத்துக்குள்ளே, வெயிலில், மிஞ்சிய வாங்குகளில் பிள்ளைகளை இருத்தி அவர் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாராம். பிறகு அவரை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அவருடைய பெயர் என்ன? என் தந்தைக்கே நினைவில்லை. அவருக்குப் படமில்லை, விழாவில்லை. கூரை எரிந்த கிழமையில் கொழும்பில் சமத்துவம் பற்றி ஆங்கிலத்தில் முழங்கிய பெரியவருக்கு ஹரோவில் விழா!

பெண்களுக்கு வாக்கு எதற்கு, அடுப்படிக்கு யார் போவது என்று கேட்ட கூட்டமும் இதே கூட்டம்தான். இன்று அவர்கள் எல்லோரும் பெண்ணுரிமைக் காவலர்கள். செத்த பிறகு திருந்துவதில் எங்கள் பெரியவர்களை வெல்ல ஆளில்லை.

இதையெல்லாம் தலைவரிடம் சொன்னேன். "தங்கச்சி, பழசைக் கிளறாதேங்கோ. பிள்ளையளுக்கு நல்லதைத்தான் காட்ட வேணும்" என்றார். நடக்காததைக் காட்டுவது நல்லதைக் காட்டுவதாம்.

மாமியாரும் வீடியோவும்

நிரோஷன் எழுந்து போன இடத்துக்கு ஆள் தேட வேண்டி வந்தது. மாஸ்டர் ஒவ்வொரு பெற்றோராகக் கேட்டார். ஒரு பிள்ளைக்கு முழங்கால் நோவு. ஒரு பிள்ளைக்கு நிலத்துத் தூசு ஒத்துக்கொள்ளாது. ஒரு தகப்பன் வெளிப்படையாகவே சொன்னார்: "ஆரும் படம் பிடிச்சு ஊருக்கு அனுப்பினால், நாளைக்குச் சம்பந்தம் பேசேக்கை கதை வரும் மாஸ்டர்." அவருடைய மகளுக்கு அப்போது எட்டு வயது.

தமிழ்நாட்டுக்காரியான டாக்டர் மீனாட்சியிடமும் கேட்டார்கள். நல்ல படித்த பெண், நல்ல சிரிப்பு. "எனக்கு ஒண்ணுமில்லைங்க. மாமியார் வந்திருக்காங்க, வீடியோ எடுப்பாங்க. வேண்டாமே" என்றார். கடலுக்கு இரண்டு பக்கத்துத் தமிழரும் ஒற்றுமையாக நின்ற அபூர்வமான சந்தர்ப்பம் அது.

என் பிள்ளைகள் அப்போது வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். சின்னவர்களாக இருந்திருந்தால் நானே கொண்டுபோய் இருத்தியிருப்பேன். "சீட்டுக் குலுக்கிப் போடுவம். ஆருக்கு விழுதோ அந்தப் பிள்ளை இருக்கட்டும்" என்றேன். மாஸ்டர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை என் வகுப்புக்குள் தர்சினி குதித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ரீச்சர்! எனக்கு நாடகத்திலை பார்ட் கிடைச்சிட்டுது!"

அவளுக்கு ஒன்பது வயது. லண்டனுக்கு வந்து சில வருடம்தான். தகப்பன் பெட்ரோல் செட்டில் ஷிப்ட் வேலை, தாய் புஷ்பம் சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில். கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறையில் இருந்தார்கள். என் வகுப்பில் தமிழை ஆசையோடு வாசிக்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். இவள் புத்தகத்தைப் பார்ப்பாள்.

அவளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது. புதிதாக யார் வந்தாலும் எங்கள் ஆட்கள் தேத்தண்ணி ஆறுவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "ஊரிலை எவடம்? கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ? ஆரின்ரை ஆக்கள்?" பேச்சுவாக்கில் கேட்பதுபோல இருக்கும். பாஸ்போர்ட் அதிகாரிகூட அவ்வளவு துருவமாட்டான். புஷ்பம் ஊரின் பெயரைச் சொல்லி, குறிச்சியின் பெயரையும் வெள்ளையாகச் சொல்லியிருந்தாள். சாதியை அறிய அது போதுமாக இருந்தது.

புஷ்பத்தின் நிபந்தனை

புஷ்பத்துக்கு முதலில் ஒன்றும் தெரியாது. மகள் மேடையேறுகிறாள் என்று சந்தோஷப்பட்டு, நாடகத்துக்கென்று வெள்ளைச் சட்டை ஒன்றும் தைத்துவிட்டாள். கடையில் மரக்கறி வாங்கும்போது ஒரு தாய் சொன்னாளாம்: "உங்கடை மகளோ நிலத்திலை இருக்கிறது? பொருத்தமாத்தான் எடுத்திருக்கினம்."

அன்று வகுப்பு முடிந்ததும் புஷ்பம் என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"ரீச்சர், ஒண்டு கேக்கிறன். என்ரை பிள்ளையிட்டை வர முதல் எத்தினை பேரைக் கேட்டவை?"

"எல்லாரையும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள். "கூட்டம் எப்ப?"

பெற்றோர் கூட்டம் அடுத்த கிழமை, சின்னப் பிள்ளைகளின் வகுப்பறையில். ஐந்து வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட எல்லாப் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். நாடகப் பேச்சு வந்ததும் புஷ்பம் எழுந்தாள்.

"தர்சினி நடிப்பாள். மாட்டாள் எண்டு நான் சொல்ல வரேல்லை."

முகங்கள் மலர்ந்தன. தலைவர் "நல்லது, நல்லது" என்றார்.

"ஆனால் அவள் பெரியவரா நடிப்பாள். வசனம் முழுக்க அவளுக்குப் பாடம். உங்கடை கஜன் நிலத்திலை இருக்கட்டும். அவள் கையைப் பிடிச்சுத் தூக்கி வாங்கிலை இருத்துவாள்."

வெளியே மெட்ரோபொலிட்டன் ரயில் போன சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அது தங்கச்சி..." தலைவர் தொண்டையைச் செருமினார். "பெரியவர் ஆம்பிளை எல்லோ?"

"மீசை ஒட்டினால் சரி. போன வரியம் உங்கடை மகன் கிழவி வேசம் போட்டவன்தானே?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு ஒண்டும் இல்லைத் தங்கச்சி. சத்தியமா இல்லை. அம்மா ஊரிலையிருந்து வந்து நிக்கிறா. முன்வரிசையிலை இருந்து பார்ப்பா. மனுசிக்கு இருதய வருத்தம். அவவாலை தாங்க ஏலாது."

பாருங்கள் நியாயத்தை! தன் பேரன் நிலத்தில் இருந்தால் நின்றுபோகிற இருதயம், புஷ்பத்தின் மகள் இருந்தால் ஒழுங்காக அடிக்குமாம். எனக்கு வாய் அடங்கவில்லை. "அண்ணை, புஷ்பத்துக்கும் இருதயம் இருக்கு" என்றேன். "நீங்கள் சும்மா இருங்கோ ரீச்சர், இது நிர்வாகம் முடிவெடுக்கிற விசயம்" என்றார் மாஸ்டர்.

புஷ்பம் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

எல்லோரும் வாங்கில்

நிர்வாகம் முடிவெடுத்தது. என்ன முடிவு தெரியுமா? நிலத்தில் இருக்கிற கட்டத்தையே வெட்டிவிட்டார்கள்.

"ஒருத்தருக்கும் மனவருத்தம் வேண்டாம் ரீச்சர். எல்லாப் பிள்ளையளும் முதலே வாங்கிலை இருக்கட்டும்" என்று மாஸ்டர் பெரிய தீர்ப்பு வழங்கியவர்போலச் சொன்னார்.

"அப்ப பெரியவர் வந்து என்னத்தை மாத்துறார்?"

"அவர் வந்து வசனத்தைச் சொல்லுவார்."

சரி, எல்லோரும் வாங்கில் என்றால் தர்சினியையும் இருத்துங்கள் என்றேன். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி வாங்குகள் இரண்டை மேடையில் போட்டிருந்தார்கள். மாஸ்டர் அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாங்கிலை இடம் காணாது ரீச்சர்."

அந்த மனிதர் இதைச் சொல்லும்போது அவருக்கு முகம்கூடச் சிவக்கவில்லை. என் தந்தையின் பள்ளிக்கூடத்தில் நிலத்தில் இருந்த பிள்ளைகளுக்குச் சொன்ன அதே பேச்சு, பனை வெளி தாண்டி, கடல் தாண்டி, விசா எடுத்து வந்து ஹரோவில் நின்றது. இரண்டு பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொன்னால் இடம் வந்துவிடும். தள்ளி இருக்கச் சொல்ல ஒருவருக்கும் மனமில்லை.

விழா நாள் மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுச் சேலைகளுக்கு மேல் கம்பளிச் சால்வைகள். திரை விலகியபோது மேடையில் எல்லாப் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு வாங்கில் இருந்தார்கள். நிரோஷன் நடுவில். கஜன் தலைப்பாகையும் மீசையுமாக வந்து, ஏற்கெனவே சமமாக இருந்த பிள்ளைகளைப் பார்த்து, கையை உயர்த்தி, "இன்றுமுதல் எல்லோரும் சமம்!" என்றான். கைதட்டல் ஓய நேரமாயிற்று. முன்வரிசையில் தலைவரின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தர்சினி தாயோடு பின்வரிசையில் இருந்தாள். அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். நாடகம் முடியும்வரை அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பிள்ளையின் வசனத்தையும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கடைசியில் தலைவர் பேசினார். எங்கள் சமூகத்தில் இந்த வேற்றுமையெல்லாம் பெரியவர் காலத்தோடு ஒழிந்துவிட்டது, இது நாம் பெருமைப்பட வேண்டிய விடயம் என்றார். அதற்கும் தட்டினார்கள்.

குளத்துத் தண்ணீர்

அடுத்த சனிக்கிழமை தர்சினி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. புஷ்பத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அவள் இனி வரமாட்டாள் ரீச்சர். சனிக்கிழமையிலை நீச்சலுக்கு விடுறன்."

"புஷ்பம், அவையிலை உள்ள கோவத்தைத் தமிழிலை காட்டாதேங்கோ. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு விருப்பம்..."

"எனக்குத் தெரியாதே? இரவிலை நித்திரையிலையும் அந்த வசனத்தைத்தான் சொல்லுறாள்." பிறகு சொன்னாள்: "ஊரிலை எங்கடை ஐயா கிணத்தடியிலை வாளியோடை காத்து நிப்பார், ரீச்சர். ஆரும் மனமிரங்கி அள்ளி ஊத்த வேணும். கயித்திலை கை வைக்கேலாது. இஞ்சை என்ரை பிள்ளை தண்ணிக்குள்ளை குதிக்கிறாள். எல்லாப் பிள்ளையளும் அதே தண்ணிக்குள்ளைதான். ஒருத்தரும் வெளியிலை ஏறேல்லை. நான் கரையிலை இருந்து பாத்துக்கொண்டே இருப்பன்."

தமிழ் படிக்க அனுப்பு என்று கேட்க எனக்கு என்ன முகம் இருந்தது?

பற்று

மறு வருடம் ஆண்டுப் பொதுக்கூட்டம். வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டு போனார்கள். தலைவர் மிகுந்த வேதனையோடு பேசினார். புலம்பெயர்ந்த மண்ணில் தமிழ் அழிந்துவிடுமோ என்று தனக்கு நித்திரை வருவதில்லை என்றார்.

"சில பெற்றோருக்குத் தமிழ்ப்பற்று இல்லை. அதுதான் உண்மை. தமிழ்ப் பள்ளிக்கூடம் வாசலிலை இருக்க, பிள்ளையளை நீச்சலுக்குக் கொண்டுபோய் விடுகினம்."

மாஸ்டர் "வெக்கக்கேடு" என்றார். பலர் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். கோபத்தில்தான்.

"அண்ணை, அந்தப் பிள்ளைக்கு உங்களெல்லாரையும் விடத் தமிழிலை பற்று இருந்தது. நாங்கள்தான் அவளுக்கு எங்கடை மேடையிலை நிலத்திலை மட்டும் இடம் வைச்சிருந்தனாங்கள். நிலம் வேண்டாமெண்டு சொன்ன உடனை அந்த இடத்தையும் எடுத்துப்போட்டம். நீச்சலுக்கு அவளைத் தாய் அனுப்பேல்லை. நீங்கள் அனுப்பினனீங்கள்."

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் மீனாட்சி தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். நிரோஷனின் தாய் கூரையைப் பார்த்தார். தலைவர் தேநீர் மேசைப் பக்கம் திரும்பினார்.

"சரி, சரி. தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுக் கதைப்பம்" என்றார்.

எல்லோரும் நிம்மதியாக எழுந்து போனார்கள். தேத்தண்ணி குடித்த பிறகு அவர்கள் கதைத்தது கார் நிறுத்துமிடத்தைப் பற்றி. எனக்கும் யாரோ ஒரு கோப்பையை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.